ஆப்லான்ஸ்கியின் ஒயின்

சில வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்றில் ஒரு விருந்துக் காட்சி எழுதினேன். கதாநாயகன் பாரிஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஒரு பணக்காரர். பரிசாரகன் பனிக்கட்டிபோல் குளிர்ந்த வெள்ளை ஒயினைக் கண்ணாடிக் கோப்பையில் தளும்பத் தளும்ப ஊற்றுகிறான். இருவரும் அதை வறுத்த மாட்டிறைச்சியுடன் குடிக்கிறார்கள். கடைசியில் இனிப்புப் பண்டம் வந்தபோதும் அதையே குடிக்கிறார்கள். "தேன்போல் இனித்தது" என்று ஒரு வாக்கியமும் போட்டிருந்தேன். நாவல் நன்றாக இருக்கிறது என்று பலர் எழுதினார்கள். பிரான்ஸில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய வாசகர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி ஒரு கார்டு போட்டார். "உங்கள் பணக்காரருக்கு ஒயின் குடிக்கத் தெரியாது என்று காட்டுவதற்காக இப்படி எழுதினீர்களா, அல்லது உங்களுக்கே தெரியாதா?" என்பது அவருடைய கேள்வி.

எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அதை ஒப்புக்கொண்டு பதில் எழுத அப்போது மனம் வரவில்லை. ருசித்து அறியாத ஒன்றை நான் படித்த நாவல்களை நம்பி எழுதியிருந்தேன். அந்த நாவல்களையாவது சரியாகப் படித்திருந்தேனா என்ற சந்தேகம் பிறகு வந்தது. அலமாரியிலிருந்து 'அன்னா கரீனினா'வை எடுத்து, ஒரு விருந்துக் காட்சியை மறுபடியும் படித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் காட்சியைப் பற்றியது. அதில் வரும் ஒரு புட்டி வெள்ளை ஒயினைப் பற்றியது. மதுவைப் பற்றிக் கட்டுரையா என்று முகம் சுளிக்கிற வாசகர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 1890ல் குடிக்கு எதிராகத் தனிக் கட்டுரையே எழுதிய டால்ஸ்டாய்தான் இந்தக் காட்சியையும் எழுதினார்.

நாவலின் முதல் பாகத்திலேயே, பத்தாவது, பதினோராவது அத்தியாயங்களில், இந்த விருந்து வருகிறது. கிராமத்திலிருந்து மாஸ்கோவுக்கு வந்திருக்கும் லெவினை அவனுடைய நண்பன் ஸ்டீபான் ஆப்லான்ஸ்கி 'இங்கிலாந்து' என்ற ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறான். வேறொரு ஹோட்டலைவிட இங்கேதான் அவனுக்குக் கடன் பாக்கி அதிகம். கடன் இருக்கிற இடத்துக்குப் போகாமல் இருப்பது அழகல்ல என்று இதைத் தேர்ந்தெடுக்கிறான். ஒரே வரியில் ஆளை நிறுத்திவிடுகிறார் டால்ஸ்டாய்.

தாத்தாரியப் பரிசாரகக் கிழவன் வந்து, புதிய சிப்பிகள் வந்திருப்பதாகச் சொல்கிறான். அவ்வளவுதான், ஆப்லான்ஸ்கி தன் சாப்பாட்டுத் திட்டம் முழுவதையும் மாற்றுகிறான். மூன்று டஜன் கடற்சிப்பி, பிறகு காய்கறி சூப், பிறகு டர்பட் என்ற தட்டை மீன் கெட்டிக் குழம்புடன், பிறகு மாட்டிறைச்சி, கோழி, பழம். சிப்பியுடன் ஷாம்பேன். சாப்பாட்டுக்கு என்ன ஒயின் என்று கேட்டதும் முதலில் 'நுயி' என்கிறான். உடனே மனத்தை மாற்றிக்கொண்டு, வேண்டாம், வழக்கமான ஷாப்ளியே இருக்கட்டும் என்கிறான்.

முதல் தடவை படித்தபோது இந்த இரண்டு பெயர்களையும் நான் தாண்டிப் போய்விட்டேன். பெரும்பாலோர் அப்படித்தான் போவார்கள். ஆனால் நுயி என்பது பர்கண்டிப் பிரதேசத்துச் சிவப்பு ஒயின். ஷாப்ளி அதே பர்கண்டியின் வடகோடியில் விளைகிற வெள்ளை ஒயின். ஆக, அந்த ஒரு கணத்தில் ஆப்லான்ஸ்கி சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுகிறான். ஏன்? அவன் மனக்கண் முன்னால் டர்பட் மீன் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிற துவர்ப்பு உண்டு. அது மாமிசத்தின் கொழுப்போடு சேர்ந்தால் மென்மையாகிவிடும். மீனோடு சேர்ந்தால் பல சமயம் இரும்பைக் கடித்தமாதிரி ஒரு வாடை எழும். வெள்ளை ஒயினைத் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்கவைத்துச் செய்வதால் அந்தத் துவர்ப்பு அதில் அநேகமாக இல்லை. மாட்டிறைச்சிக்கு நுயி பொருந்தியிருக்கும். ஆனால் மீன் கெட்டிருக்கும். ஷாப்ளியைக் கோழியோடும் குடிக்கலாம். மாட்டிறைச்சிக்கு அது கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான். ஒரே புட்டியில் சமாளிப்பதானால் அவனுடைய முடிவு சரியானதே. டால்ஸ்டாய் இதில் எதையும் விளக்கவில்லை. ஒருவன் யோசிக்கிற வேகத்திலேயே வாக்கியத்தைத் திருப்பியிருக்கிறார்.

என் நாவலில் நான் எழுதிய "தேன்போல் இனித்தது" என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். ஷாப்ளி இனிக்காது. அதை 'டிரை' ஒயின் என்கிறார்கள். அகராதியை மட்டும் நம்பி 'உலர்ந்த ஒயின்' என்று மொழிபெயர்த்தால் அர்த்தம் கெட்டுவிடும். உலர்ந்த திரவம் எது? திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை நுரைப்பூசணம் தின்று சாராயமாக மாற்றுகிறது. சர்க்கரை அநேகமாக முழுவதும் தீரும்வரை அதை விட்டுவிட்டால் கிடைப்பது டிரை ஒயின். லிட்டருக்கு நாலு கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சாது. நம்முடைய பாஷையில் சொன்னால், தித்திப்பு அற்றது. புளிப்பு எஞ்சி நிற்பது. இதைத் தேன் என்று எழுதியவன் நான்!

பிற்பாடு பாரிஸுக்குப் போகும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. அங்கே ஒரு நண்பர் வீட்டில் ஷாப்ளியை முதல் தடவையாக ருசி பார்த்தேன். நான் மாமிசம் சாப்பிடாதவன் என்பதால் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும், சீஸ் சேர்த்துச் சுட்ட சிறிய உப்பலான பண்டமும் வைத்திருந்தார். கூழேர் என்று அதற்குப் பெயர். பர்கண்டிக்காரர்கள் ஒயினோடு வைப்பது வழக்கம்.

நண்பர் புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, உடனே திறக்காமல் கால் மணி நேரம் மேஜைமேல் வைத்தார். கேட்டேன். அதிகக் குளிர்ச்சியில் வாசனை எழும்பாது. நாக்கும் மரத்துப்போகும் என்றார். சாதாரண ஷாப்ளி என்றால் எட்டு முதல் பத்து டிகிரி, உயர்ந்த வகை என்றால் பத்து முதல் பன்னிரண்டு டிகிரி போதும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றினார். காலி இடம் எதற்கு என்றேன். வாசனை தங்குவதற்கு என்றார். கோப்பையைக் காம்பைப் பிடித்துத் தூக்கவேண்டும். கிண்ணத்தைக் கையால் பொத்தினால் ஒயின் சூடாகிவிடும். தளும்பத் தளும்ப ஊற்றின என் பரிசாரகன் ஞாபகத்துக்கு வந்தான். வெட்கமாக இருந்தது.

நம்முடைய புறநானூற்றில் ஐம்பத்தாறாவது பாட்டு உடனே நினைவுக்கு வந்தது. பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைச் சொல்கிறார். அதற்கு அவர் கொடுக்கிற அடைகள் இரண்டு: குளிர்ச்சி, மணம். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஊற்றுகிறவன் கவனிக்கவேண்டிய இரண்டை மட்டும் சொன்னார். நான் அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவன். படித்து என்ன பிரயோசனம்?

ருசி பார்ப்பதிலும் ஒரு கிரமம் இருக்கிறது. முதலில் வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறத்தைப் பார்க்கவேண்டும். இளம் ஷாப்ளி வெளிறிய பொன் நிறம்; ஓரத்தில் பச்சைச் சாயல் தெரியும். பிறகு கோப்பையைச் சுழற்றி முகரவேண்டும். பச்சை ஆப்பிள், எலுமிச்சை, மழை விழுந்த கல். பிறகு ஒரு சின்ன வாய். உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் படரவிட்டுக் கொஞ்சம் காற்றை இழுக்கவேண்டும். புளிப்பு நாக்கின் இரு பக்கங்களிலும் கூசும். வாயில் நீர் ஊறும். விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது என்பதில்தான் தரம் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் புளிப்பு, அதுவும் கடுமையான புளிப்பு. பாலாடைக்கட்டியைக் கொஞ்சம் தின்றுவிட்டு மறுபடியும் குடியுங்கள் என்றார் நண்பர். குடித்தேன். கட்டியின் கொழுப்பை ஒயினின் புளிப்பு வெட்டிவிட்டது. ஒயினின் கடுமையைக் கட்டியின் உப்பு தணித்துவிட்டது. இரண்டும் தனித்தனியாக இருந்ததைவிட நன்றாக இருந்தன. பொரித்த பண்டத்தின்மேல் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அதே தர்மம்தான். சிப்பிக்கும் ஷாப்ளிக்கும் நெடுங்காலமாகச் சொல்லப்படும் பொருத்தமும் இதுதான்: அங்கே கடல் உப்பு, இங்கே புளிப்பு. இனிப்புப் பண்டத்தோடு குடித்தால் ஒயின் காடியாகத் தோன்றும். மிளகாய்க் காரத்தோடு குடித்தால் சாராயம் எரிச்சலைக் கூட்டும். காரத்துக்குக் கொஞ்சம் தித்திப்பு மிஞ்சிய வெள்ளை ஒயின்தான் நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்தப் பொருத்தத்துக்கு அழகான ஒரு கதையும் சொல்வார்கள். ஷாப்ளி மண் ஏறக்குறைய பதினைந்து கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பும் களிமண்ணும். அதில் காற்புள்ளி வடிவத்தில் குட்டிச் சிப்பிகளின் படிவங்கள் நிறைந்திருக்கின்றன. அந்தச் சிப்பியே ஒயினாகி, மேஜைமேலுள்ள சிப்பியைச் சந்திக்கிறது என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாறையின் ருசி வேர் வழியே ஏறிக் கோப்பைக்கு வருவதில்லை என்று நிலவியல் அறிஞர்கள் மறுக்கிறார்கள். வடிகாலும் குளிர்ச்சியும் புளிப்பைக் காக்கின்றன. புளிப்பு சிப்பிக்குப் பொருந்துகிறது. காரணம் இவ்வளவுதான். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு விளக்கத்தை நம்பிவிடக்கூடாது என்பது ஒயினுக்கு மட்டுமல்ல, இலக்கிய விமர்சனத்துக்கும் பொருந்தும்.

விமர்சகர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 2001ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். போர்தோவில் ஒயின் சாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததை முகர்ந்தவர்கள், சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஒப்பித்தது. இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். ரஸனை என்பதே புரட்டு என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையிலுள்ள ஆசிரியர் பெயரைப் பார்த்துவிட்டு நாவலைப் பாராட்டாத விமர்சகன் நம்மில் எத்தனை பேர்? ரஸனை பொய் அல்ல. ஆனால் சுலபமாக ஏமாறக்கூடியது. அதனால்தான் 1976ல் பாரிஸில் நடந்த போட்டியில் புட்டிகளின் பெயரை மறைத்து ஊற்றினார்கள். பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியா வெள்ளை ஒயின் ஒன்றுக்கு முதல் இடம் கொடுத்துவிட்டார்கள்! ஷாப்ளி செய்கிற அதே ஷார்டனே திராட்சையில் செய்தது அது.

இப்போது மறுபடியும் டால்ஸ்டாயிடம் வருவோம். அந்த விருந்தில் சிப்பியை வெள்ளி முள்ளால் ஆப்லான்ஸ்கி பெயர்த்து விழுங்குவதை நாம் பார்க்கிறோம். ஷாப்ளியின் ருசியைப் பற்றியோ ஒரு வாக்கியம்கூட இல்லை. பெயர் சொல்லப்படுகிறது, அதோடு சரி. லெவினுக்கு அந்தச் சாப்பாட்டிலேயே மனமில்லை. அவன் கிட்டியை மணக்கும் ஆசையோடு வந்திருப்பவன். கண்ணாடிகளும் வாயு விளக்குகளும் பரிசாரகர்களும் தன் மனத்திலிருப்பதை அழுக்காக்கிவிடும்போல் அவனுக்குப் பயமாக இருக்கிறது. ரொட்டியும் சீஸும் கிடைத்தால் போதும் அவனுக்கு. கடைசியில் பில் 26 ரூபிளுக்குமேல் வருகிறது. தன் பங்கான 14 ரூபிளைக் கண்டு வேறு சமயமாக இருந்தால் பதறியிருப்பான். அன்று கவனிக்கவே இல்லை.

இதே லெவினை மூன்றாம் பாகத்தில் டால்ஸ்டாய் வயலுக்குக் கொண்டுபோகிறார். குடியானவர்களோடு சேர்ந்து அவன் புல் அறுக்கிறான். கிழவன் ஒருவன் சாணைக்கல் வைக்கும் தகரப் பெட்டியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு அவனுக்குக் கொடுக்கிறான். வெதுவெதுப்பான தண்ணீர், பச்சைத் தூசி மிதக்கிறது, தகரத்தின் துரு ருசிக்கிறது. இவ்வளவு நல்ல பானத்தைத் தான் குடித்ததே இல்லை என்று லெவினுக்குத் தோன்றுகிறது. பிறகு கிழவன் ரொட்டியைத் தண்ணீரில் பிசைந்து உப்புப் போட்டுக் கொடுக்கிறான். அதைத் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவேண்டும் என்ற எண்ணத்தையே அவன் விட்டுவிடுகிறான்.

கவனியுங்கள். நிறம், வெப்பம், ருசி, கூடவே பொருந்துகிற உணவு, எல்லாம் இங்கே இருக்கின்றன. ஒயின் ருசி பார்ப்பவன் எதையெல்லாம் சொல்வானோ அதையெல்லாம் டால்ஸ்டாய் துருப்பிடித்த தண்ணீருக்குச் சொல்லிவிட்டார். ஷாப்ளிக்கு ஒன்றும் சொல்லவில்லை. உழைத்துக் களைத்தவனுக்குத்தான் ருசி உண்டு. விலை கொடுத்தவனுக்கு இல்லை என்பது அவருடைய தீர்ப்பு. இந்த இரண்டு காட்சிகளையும் எழுதியவரைவிடப் பெரிய ரஸிகர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தீர்ப்பு முழுவதும் நியாயமா?

இல்லை என்பது என் அபிப்பிராயம். ஷாப்ளிக்கு அவர் அநீதி செய்துவிட்டார். அந்த ஒயின் ஹோட்டல் மேஜையில் பிறந்தது அல்ல. பாரிஸுக்குத் தென்கிழக்கே செரேன் என்ற சிற்றாற்றின் கரையில், குளிர் நடுக்கும் சரிவுகளில் குடியானவர்கள் விளைவிப்பது. 1880களில் பூச்சி வந்து கொடிகளின் வேரைத் தின்றது. அந்த அழிவிலிருந்து எழ முடியாமல், 1950களில் தோட்டப் பரப்பு சுமார் 500 ஹெக்டேராகச் சுருங்கிக் கிடந்தது. இன்று ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருக்கிறது என்றால், இடையிலிருந்த உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. சித்திரை பிறக்கும் சமயத்தில் அங்கே துளிர் வெடிக்கும். அப்போதுதான் உறைபனியும் இறங்கும். 1957ல் இறங்கிற்று, 2021லும் இறங்கிற்று. ஊரார் இரவெல்லாம் விழித்திருந்து கொடிகளுக்கிடையே தீச்சட்டி ஏற்றுகிறார்கள். அல்லது துளிர்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடுகிற வெப்பம் உள்ளே இருக்கிற துளிரைக் காப்பாற்றுகிறது. தெளிப்பதை நிறுத்தினால் துளிர் செத்துவிடும். விடியும்வரை நிறுத்தக்கூடாது.

இந்தக் குடியானவன் லெவினுக்கல்லவா உறவு? பனியை நினைத்துத் தூக்கம் கெடுகிறவன், மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறவன், தித்திப்பில்லாத, பகட்டில்லாத ஒன்றை விளைவிக்கிறவன். ஷாப்ளி உண்மையில் லெவினுடைய ஒயின். ஆப்லான்ஸ்கி அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்கிறான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவன் ஒரு விநாடிகூட நினைக்கமாட்டான். லெவின் நினைக்கக்கூடியவன், ஆனால் பகட்டின்மேலுள்ள வெறுப்பில் கோப்பைக்குள் பார்க்கமாட்டான். ஒருவனுக்கு ருசி தெரியும், உழைப்பு தெரியாது. இன்னொருவனுக்கு உழைப்பு தெரியும், அன்று ருசி தெரியவில்லை. ஒரே மேஜையில் இருவரையும் உட்கார வைத்து, நடுவில் அந்தப் புட்டியையும் வைத்தாரே, அது டால்ஸ்டாயின் மேதை. தெரிந்து வைத்தாரா, தற்செயலா என்பது எனக்கு முக்கியமல்ல. நல்ல நாவலில் ஆசிரியரின் தீர்ப்பைவிடப் பண்டங்கள் அதிகம் சொல்லும்.

குடி குடியைக் கெடுத்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ருசி பார்ப்பது என்பது கவனிப்பது. கவனிக்கிறவன் ஒரு வாய்க்கு நிற்கிறான். கவனிக்காதவன்தான் தளும்பத் தளும்ப ஊற்றிக்கொள்கிறான். எழுத்திலும் அப்படித்தான். எனக்குத் தெரியாததை நான் தளும்ப ஊற்றியிருந்தேன்.

நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போனபோது அந்தக் காட்சியைத் திருத்தினேன். பரிசாரகன் இப்போது மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுகிறான். பணக்காரர்தான் கோபித்துக்கொண்டு, நிறைய ஊற்றச் சொல்கிறார். பரிசாரகன் ஒன்றும் பேசாமல் ஊற்றிவிட்டுப் போகிறான். தேன் என்ற வார்த்தையை எடுத்துவிட்டேன். பிறகு அந்த வாசகருக்கு நான் தரவேண்டியிருந்த பதிலையும் ஒரு கார்டில் எழுதிப் போட்டேன்: "தாங்கள் கேட்டதில் இரண்டாவதுதான் சரி. முதல் பதிப்பில் எனக்குத் தெரியாது. இரண்டாம் பதிப்பில் அவருக்குத் தெரியாது."